சாவி கடைக்காரரிடம் இருக்கட்டும்: தனி ஆளாக அகப்பக்க, சமூக ஊடகத் தொழில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் வீட்டின் முன்னறையே என் அலுவலகம். கடைகளுக்கு அகப்பக்கம் (இணையத்தளம்) கட்டுவதும் அவற்றின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிப்பதும்தான் ஒன்பது ஆண்டுகளாக என் தொழில். அதற்கு முன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர் வேலை. லெபோ பாசார் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடை, ஒரு மசாலாக் கடை, பட்டர்வொர்த்தில் ஒரு நாசி கண்டார் (சோறும் குழம்பும்) உணவகம், பிறை நகரில் குளிரூட்டி பழுதுபார்ப்பவர், ஒரு பாலர் பள்ளி, இரண்டு பரதநாட்டிய ஆசிரியைகள், இன்னும் சிலர் என்று பதினான்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நாள் முழுக்க என்னதான் செய்கிறீர்கள்?

பாதி நேரம் காத்திருக்கிறேன். படம் அனுப்புகிறேன் என்று சொன்னவருக்காக, விலைப்பட்டியல் தருகிறேன் என்று சொன்னவருக்காக, "அண்ணன் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்ன தம்பிக்காக.

மீதி நேரத்தில் அகப்பக்கம் கட்டுவது, பழைய அகப்பக்கங்களின் மென்பொருளைப் புதுப்பிப்பது, முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் பதிவு தயாரிப்பது, டிக்டாக்குக்குக் காணொளி வெட்டுவது, விளம்பரச் செலவைக் கவனிப்பது. காலை எட்டு மணிக்கு நாசி கண்டார் கடையில் நின்று, குழம்பு ஊற்றும் கையைப் படமெடுத்துக்கொண்டிருப்பேன். பதினோரு மணிக்குப் பாலர் பள்ளியின் சேர்க்கைப் படிவம் ஏன் மின்னஞ்சலுக்கு வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் ஒரே ஆள். தனித்தொழில் என்பதன் சுகமும் சுமையும் அதுவே.

வேலை தொடங்கும் முன் பதிவு செய்ய வேண்டுமா?

தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில், பதிந்துவிட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் இதற்கான சட்டம் 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம். அடையாள அட்டையில் உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். எஸ்.எஸ்.எம்.மின் ஈஸிபிஸ் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். பதியாமல் தொழில் நடத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

சிலர் மூன்று வாரம் பெயர் தேடுகிறார்கள். என் தொழிலின் பெயரும் அப்படித் தேடி வைத்ததுதான். இன்றுவரை ஒருவர்கூட அதைச் சொல்லி அழைத்ததில்லை. "அகப்பக்கம் செய்யும் தங்கச்சி" என்றுதான் என் எண் எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்திருக்கிறது. பெயருக்காகத் தயங்காதீர்கள். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் வங்கியில் தொழில் கணக்கு திறக்க முடியும், அந்தக் கணக்குக்குப் பணம் வாங்கும் டுயிட்நவ் கியூஆர் குறியீடு கிடைக்கும், .com.my என்று முடியும் முகவரியும் கிடைக்கும்.

வீட்டிலிருந்தே செய்தால் மாநகர் மன்றத்தில் உரிமம் வேண்டுமா?

வாடிக்கையாளர் வந்துபோகும் கடையோ அலுவலகமோ திறந்தால் வேண்டும். பலகை மாட்டினால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். பலகையில் மலாய் மொழி முதன்மையாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கடைப் பலகையை உங்களிடம் வடிவமைக்கச் சொல்லும்போதும் இது நினைவிருக்கட்டும். அச்சடித்து மாட்டிய பிறகு கழற்றச் சொன்னால் பழி வடிவமைத்தவர் தலையில்தான் விழும்.

எவ்வளவு கேட்பது? இதுதான் பெரிய குழப்பம்.

எனக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. பக்கத்து ஆள் எவ்வளவு கேட்கிறார் என்று பார்த்து அதில் நூறு ரிங்கிட் குறைத்துச் சொல்வேன். அந்த ஆள் வேறு யாரையோ பார்த்துக் குறைத்திருப்பார். இருவரும் சேர்ந்து பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம்.

பிறகு ஒருநாள் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு மாதம் 3,500 ரிங்கிட் வேண்டும். இணையம், மென்பொருள் சந்தா, பெட்ரோல், கைப்பேசி, காப்புறுதி எல்லாம் சேர்த்து 700. ஆக 4,200. மாதம் 22 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 176 மணி நேரம். ஆனால் அதில் பாதிக்குத்தான் காசு வரும். மற்ற பாதி கொட்டேஷன் (வேலையையும் விலையையும் சொல்லும் தாள்) எழுதவும், பேசவும், காத்திருக்கவும், பாக்கியைக் கேட்டு நடக்கவும் போய்விடும். மிஞ்சுவது 88 மணி நேரம். 4,200ஐ 88ஆல் வகுத்தால் ஏறக்குறைய 48. அதை 50 என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு கடைக்கு மாதம் 12 பதிவுகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் வீதம் ஒன்பது மணி. கடைக்காரரோடு பேச்சு மூன்று மணி. பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்ல இரண்டு மணி. பதினான்கு மணி நேரத்துக்கு 700 ரிங்கிட். நான் 350 வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். பெற்றோருடன் இருக்கும் 23 வயதுத் தம்பிக்கு மணிக்கு 25 போதும். ஆனால் அந்த எண் உங்கள் கணக்கிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

"ஒரு பையன் 250க்குச் செய்கிறான்" என்று சொன்னால்?

"நல்லதுதான் அண்ணே, அவரிடம் கொடுத்துப் பாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிப்பேன். மூவரில் ஒருவர் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறார். மற்ற இருவருக்கும் அந்தப் பையன் சரியாகவே செய்துகொடுத்திருப்பான், அதுவும் நடக்கும்.

விலை குறைக்கத்தான் வேண்டும் என்றால் வேலையையும் குறையுங்கள். பன்னிரண்டு பதிவை ஆறாக்குங்கள். அதே வேலையைக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் அடுத்த மாதமும் அதே விலைதான், அதற்கடுத்த தீபாவளிக்கும் அதே விலைதான்.

முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

தையற்கடையில் துணி கொடுக்கும்போது முன்பணம் கொடுக்கிறோம். கல்யாண மண்டபத்துக்கு, சமையல்காரருக்கு, நாதஸ்வரக் குழுவுக்குக் கொடுக்கிறோம். நம் ஆட்களுக்கு முன்பணம் புதிதல்ல. கேட்கும் நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

நான் பாதியை முதலில் வாங்குகிறேன். கால் பங்கு வடிவமைப்பை ஒப்புக்கொண்டதும். மீதிக் கால் பங்கு அகப்பக்கம் வெளியாகும் முந்தைய நாள். மாதச் சேவைக்கு மாதத் தொடக்கத்திலேயே பணம். கொட்டேஷனில் இன்னொரு வரியும் உண்டு: இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து கட்டணம். அந்த வரியைச் சேர்த்த பிறகு "லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், இல்லை சிறிதாக்குங்கள், இல்லை முன்பு இருந்ததே நன்றாக இருந்தது" என்ற ஊஞ்சலாட்டம் நின்றுவிட்டது.

கொட்டேஷன், ஒப்பந்தம் எல்லாம் சின்னக் கடைக்குத் தேவையா?

ஒரு பக்கம் போதும். என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன், எத்தனை நாள், எவ்வளவு, எப்போது பணம், முடிந்த வேலை யாருடையது. கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், செய்வித்தவருக்கே போகும். லோகோவின் மூலக் கோப்பை நீங்களே வைத்துக்கொள்ள எண்ணினால், மீதிப் பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்று நினைத்தால், முதலிலேயே எழுதுங்கள். கையெழுத்து வாங்கக் கூச்சமாக இருந்தால் புலனத்தில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு சொல்லையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டொமேனை, அதாவது அகப்பக்க முகவரியை, யார் பெயரில் வாங்குவது?

கடைக்காரர் பெயரில். அவருடைய மின்னஞ்சலில். முடிந்தால் அவருடைய அட்டையில். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

ஒரு புடவைக் கடைக்காரம்மா என்னிடம் வந்தபோது அவருக்கு ஏற்கெனவே அகப்பக்கம் இருந்தது. எட்டு ஆண்டு பழைய முகவரி. பில்லிலும் பையிலும் கடைக் கண்ணாடியிலும் அதுதான் அச்சாகியிருந்தது. செய்துகொடுத்தவர் அதைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, அதுதான் அவருக்கு எளிது. பிறகு அவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார், எண்ணையும் மாற்றிவிட்டார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள் எல்லாம் அவருக்கே போயின. ஒருநாள் காலை அந்த முகவரியைத் தட்டினால் யாரோ சூதாட்ட விளம்பரம் போட்டிருக்கிறார்கள். கடைக்காரம்மா என் முன்னால் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான துணிப்பைகளைக் காட்டி, "இதை எல்லாம் என்ன செய்வது, நீயே சொல்லு மா" என்றார். புதிய முகவரியை ஸ்டிக்கராக அடித்து ஒவ்வொரு பையிலும் ஒட்டினோம். அவர் மருமகளும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்து ஒட்டியிருப்போம்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. வேலை முடிந்ததும் ஒரு தாள் தருகிறேன். டொமேன் எங்கே வாங்கியது, எப்போது காலாவதி, ஹோஸ்டிங் (அகப்பக்கக் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்) எங்கே, நிர்வாகக் கணக்கு எது, எந்த மின்னஞ்சல். கடவுச்சொல்லைத் தனி உறையில் போட்டுத் தருகிறேன். பலர் அதைச் சாமி மாடத்தில் வைக்கிறார்கள். நல்ல இடம்தான், தொலையாது.

"சாவியைக் கொடுத்துவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்களே" என்று கேட்கிறார்கள். போகட்டும். கதவைப் பூட்டி வைத்துத் தங்க வைத்த வாடிக்கையாளர் நாலு பேரிடம் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். லெபோ பாசாரில் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் நூறாண்டு வாழ்க என்பார்கள். அவ்வளவு சின்ன இடம்.

முகநூல் பக்கத்துக்கும் இதுதானா?

அதுவேதான், இன்னும் கடுமையாக. பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு கடைக்காரரின் உண்மையான கணக்கில் இருக்க வேண்டும், நீங்கள் பணி செய்யும் அளவுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். "கடை" என்ற பெயரில் ஒரு போலி ஆளை உருவாக்கி அதில் பக்கத்தைத் தொடங்கும் பழக்கம் இருக்கிறது. முகநூல் அந்தப் போலி ஆளை ஒருநாள் முடக்கும், பக்கமும் அநாதையாகிவிடும்.

கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். "உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்தி மோசடி என்று கடையில் உள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லிவையுங்கள். கல்லாவில் இருக்கும் தம்பிக்கும் சேர்த்து. அழுத்துவது பெரும்பாலும் அவர்தான்.

கடைக்கு அகப்பக்கம் உண்மையில் வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். இதைச் சொன்னால் என் பிழைப்பில் நானே மண்ணைப் போடுவதாக வீட்டில் சொல்கிறார்கள்.

நாசி கண்டார் கடைக்கு முதலில் தேவை கூகுள் வரைபடத்தில் சரியான இடம், சரியான நேரம், சரியான எண். அது இலவசம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும் என்றால் அங்கே அப்படிப் போட வேண்டும். பசியோடு வந்து மூடிய கதவைப் பார்த்தவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். உரிமையாளர் என்று உறுதிசெய்யக் கூகுள் பெரும்பாலும் கடைவாசலையும் உள்ளேயும் காணொளி எடுத்து அனுப்பச் சொல்கிறது. அதைக் கடை திறந்திருக்கும்போது, பலகை தெரியும்படி, ஒரே மூச்சில் எடுக்க வேண்டும்.

பாலர் பள்ளிக்கு அகப்பக்கம் வேண்டும், பெற்றோர் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து படிப்பார்கள். குளிரூட்டி பழுதுபார்ப்பவருக்கு ஒரே பக்கம் போதும், பெரிதாக ஒரு புலனப் பொத்தானோடு.

எந்த மொழியில் எழுதுவது?

கடைக்கு யார் வருகிறார்களோ அவர்கள் மொழியில். மசாலாக் கடைக்கு மலாய் முதலில், தமிழ் பிறகு. பரதநாட்டிய வகுப்புக்குத் தமிழும் ஆங்கிலமும். மொழிபெயர்ப்பு மென்பொருள் தந்ததை அப்படியே ஒட்டாதீர்கள். நம் நாட்டு அறிவிப்புப் பலகைகளில் தமிழ் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம், நாமே அதைச் செய்யலாமா?

பதாகையில் தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

இந்தக் கேள்விக்கு நான் 180 ரிங்கிட் கொடுத்துப் பதில் கற்றேன்.

ஒரு கடைக்குப் பொங்கல் பதாகை, பன்னிரண்டடி நீளம். என் கணினியில் எல்லாம் அழகாக இருந்தது. திருத்தக்கூடிய கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே வேறு பதிப்பு மென்பொருளில் திறந்தார்கள். 'பொங்கல்' என்ற சொல்லின் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு துணைக்காலுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அச்சடித்தவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு அது ஓர் ஓவியம். பதாகை கடைவாசலில் ஏறிய பிறகுதான் எதிர்க்கடைப் பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார். மறுபடி அச்சடித்த செலவு என்னுடையது.

நடப்பது இதுதான். ஒருங்குறியில் (யூனிகோடில்) 'பொ' என்பது 'ப' என்ற எழுத்தும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் எழுத்துக் கலைந்துவிடும். அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்புக்குள் போய் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளை வரைகோடுகளாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். பிறகு யார் எதில் திறந்தாலும் கொம்பு அசையாது. அச்சுக்கு முன் மாதிரிப் படம் கேட்டு வாங்கி, உரக்கப் படித்துப் பாருங்கள்.

கணினியில் தமிழ் என்றால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். அப்படிப்பட்ட ஊரில் கொம்பு உடைந்த பொங்கல் வாழ்த்தைத் தொங்கவிட்டேனே என்பதுதான் 180 ரிங்கிட்டைவிட எனக்கு வலித்தது.

பதிவில் எதை எழுதக்கூடாது?

இனம், சமயம், அரச பீடம் மூன்றையும் தொடும் எதையும் கடைப் பக்கத்தில் போடாதீர்கள், பகிரவும் வேண்டாம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு பதிவிட்டவரைக் கேட்கும். பதிவிட்டவர் நீங்கள்.

மூன்று பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, ஹலால் சின்னம். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து உணவக விளம்பரத்தில் ஒட்டிவிடுவார்கள். சான்றிதழ் இல்லாத கடைக்கு அதைப் போடுவது ஹலால் சான்றிதழ், முத்திரை பற்றிய 2011ஆம் ஆண்டு ஆணையின் கீழ் குற்றம். சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகே போடுங்கள். இரண்டு, மூட்டுவலித் தைலம், சூரணம் போன்றவை. மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும், கேகேஎல்ஐயூ என்று தொடங்கும் அனுமதி எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். "எண் எல்லாம் எதற்கு, சும்மா போடுங்கள்" என்று சொன்ன இருவரின் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று, திரைப்பாட்டு. வணிகக் கணக்கில் பிரபலமான பாட்டைச் சேர்த்தால் ஒலி துண்டிக்கப்படலாம். தளமே வணிகப் பயன்பாட்டுக்கென்று தரும் இசையைப் பயன்படுத்துங்கள். கடைக்காரர் ஏமாற்றமடைவார், சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் எண்கள் நம்மிடம் இருக்கின்றனவே?

அவற்றை உங்கள் அடுத்த வாடிக்கையாளருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமையும் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் பட்டியலை அழித்துவிட்டு, அழித்தேன் என்று ஒரு செய்தி அனுப்புவேன்.

விளம்பரச் செலவை யார் அட்டையில் போடுவது?

கடைக்காரர் அட்டையில். உங்கள் அட்டையில் போட்டால் நீங்கள் விளம்பர நிறுவனம் அல்ல, வட்டியில்லாக் கடன் கொடுப்பவர். முகநூல், கூகுள் விளம்பரங்களுக்கு 8 விழுக்காடு சேவை வரி உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 முதல் இந்த வரி இருக்கிறது, 2024 மார்ச்சில் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. ஆயிரம் ரிங்கிட் விளம்பரத்துக்கு 1,080 போனால் "எண்பதை நீ எடுத்துக்கொண்டாயா" என்ற பார்வை வரும். எனக்கு வந்திருக்கிறது.

வருமான வரி எப்படி?

சம்பளக்காரர்களின் பிஇ படிவம் இனி உங்களுக்கு இல்லை. தொழில் வருமானம் உள்ளவர்களுக்குப் பி படிவம், கடைசி நாள் ஜூன் 30. இணையத்தில் அனுப்பினால் ஜூலை 15 வரை வருமான வரி வாரியம் அவகாசம் தருவது வழக்கம். பதிவேடுகளையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். சாயம் போகும் வெப்பத்தாள் ரசீதை அன்றே கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள்.

ஓரளவு வரி கட்டத் தொடங்கியதும் சிபி500 என்ற கடிதம் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாக ஆறு தவணையில் முன்கூட்டியே கட்டச் சொல்லும். முதல்முறை பார்த்தபோது ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று பயந்துபோனேன். வழக்கமான கடிதம்தான். வருமானம் குறைந்திருந்தால் சிபி502 படிவத்தில் தொகையைக் குறைக்கக் கேட்கலாம்.

இணையக் கட்டணம், ஹோஸ்டிங், மென்பொருள் சந்தா, தொழிலுக்கான பயணம் எல்லாம் செலவில் கழியும். 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கருவி என்றால் சிறுமதிப்புச் சொத்தாக அந்த ஆண்டே முழுவதையும் கழிக்கலாம். விலை உயர்ந்த கணினிக்குப் பல ஆண்டுகளாகப் பிரித்து மூலதனக் கழிவு. தீபாவளிச் சேலை கழியாது. கேட்டுப் பார்த்தேன்.

சேவை வரி, மின்-இன்வாய்ஸ்?

தனி ஆளுக்கு இப்போதைக்குப் பெரிய தலைவலி இல்லை. சேவை வரிக்கு நாம் பதிய வேண்டிய எல்லை பன்னிரண்டு மாதத்தில் 500,000 ரிங்கிட். மின்-இன்வாய்ஸ் (வரி வாரியத்தின் வழியாக இணையத்தில் அனுப்பும் விலைப்பட்டியல்) கட்டாயத்திலிருந்து ஆண்டு வருமானம் பத்து லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு. அந்த எண்களைத் தொட்டுவிட்டால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) இல்லாமல் பயமாக இருக்கிறதே?

பயம் நியாயமானது. முதலாளி பிடித்துக் கட்டுவார் என்ற வசதி போய்விட்டது.

சேமநிதி வாரியத்தில் ஐ-சாரான் திட்டத்தில் சேருங்கள். நாம் விரும்பிப் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்க்கிறது. அதாவது 2,500 போட்டால் முழு 500ம் கிடைக்கும். சொக்சோவில் சுயதொழில் செய்வோருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டம் உண்டு. நான்கு படிநிலைகள், சந்தா ஆண்டுக்கு 157.20 ரிங்கிட் முதல் 592.80 வரை. மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மழையில் பாலத்துக்கு நடுவில் நின்றவர்களுக்குப் புரியும்.

கடன் வாங்கித் தொடங்கலாமா?

கணினிக்கு மட்டும் என்றால் சரி. தெக்குன் நேஷனல் என்ற அரசு நிறுவனத்தில் இந்திய சமூகத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலுக்கு முதலீடு குறைவு. கடன் வாங்கி அலுவலகம் எடுத்து நாற்காலி வாங்கிய இருவரைத் தெரியும். நாற்காலிகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன, மலிவாகக் கொடுத்தார்கள்.

பணம் தராமல் இழுத்தால்?

முதலில் நினைவூட்டுங்கள். தேதி போட்டு, தொகை போட்டு, கோபமில்லாமல். பலருக்கு உண்மையிலேயே மறந்திருக்கும். இரண்டாம் நினைவூட்டலுக்குப் பிறகு வேலையை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் அகப்பக்கத்தை முடக்காதீர்கள். அது பழிவாங்கல் ஆகிவிடும், பேச்சும் உங்கள் பக்கம் நிற்காது.

அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரை, வழக்கறிஞர் இல்லாமல், 198ஆம் படிவத்தை நிரப்பி நீங்களே போடலாம். ஒப்புக்கொண்ட செய்திகள், இன்வாய்ஸ், அனுப்பிய கோப்புகள் எல்லாம் அச்செடுத்து வரிசையாக வையுங்கள். ஒருமுறை 1,900 ரிங்கிட்டுக்காகப் படிவத்தை நிரப்பினேன். நிரப்பிய படிவத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அன்று மாலையே பாதி வந்தது, மறுவாரம் மீதியும் வந்தது. அந்தப் படிவம் இன்னும் கோப்பில் கிடக்கிறது.

கோயில், சொந்தக்காரர்கள் இலவசமாகக் கேட்டால்?

கோயிலுக்கு ஆண்டுக்கு ஒன்று செய்கிறேன், தைப்பூசத்துக்கு. அதற்கும் இன்வாய்ஸ் போட்டு, முழுத் தொகையும் எழுதி, கீழே "நன்கொடை" என்று கழித்துவிடுகிறேன். வேலையின் மதிப்பு நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும். சித்தப்பா மகனின் கல்யாண அழைப்பிதழ் காணொளிக்கு என்ன செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஒன்பது ஆண்டாகியும் அதற்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் தொழில் நிற்குமா?

பதிவு எழுதும் நேரம் எனக்கும் குறைந்திருக்கிறது. வாசகம் வேண்டுமானால் கடைக்காரரே இப்போது எழுதிவிடுகிறார். ஆனால் அந்த வாசகத்தில் "எங்கள் சுவையான பயணத்தில் இணையுங்கள்" என்று வருகிறது, அவரோ வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. "இன்றைக்கு மீன் முட்டை இருக்கிறது, பன்னிரண்டு மணிக்குமேல் கிடைக்காது" என்று அவர் கல்லாவில் நின்று சொல்வதைத்தான் நான் போடுகிறேன். அதற்கு எட்டு மணிக்குக் கடையில் நிற்க ஓர் ஆள் வேண்டும்.

முழுநேர வேலையை எப்போது விடலாம்?

ஒரு தீபாவளியையும் அதற்குப் பின் வரும் மந்தமான மாதங்களையும் வேலையில் இருந்துகொண்டே பார்த்துவிடுங்கள். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பிருந்து தூக்கம் இருக்காது, பணம் வரும். முஸ்லிம் கடைகளுக்கு நோன்பு மாதம் அப்படி. நடுவில் சில மாதங்கள் கைப்பேசி ஒலிக்கவே ஒலிக்காது. மாதச் சேவைக்குப் பணம் தருகிற வாடிக்கையாளர் ஐந்து பேர், ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் வங்கியில், இந்த இரண்டும் சேர்ந்த அன்று நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ஐந்தில் ஒருவர் அடுத்த மாதமே கடையை மூடிவிட்டார். ஆறாவது ஆளைத் தேடிக்கொண்டு மழையில் லெபோ பாசாருக்கு நடந்தேன், அன்றுதான் மசாலாக் கடைக்காரர் கிடைத்தார். இன்றும் அவர் மாதம் பிறந்த முதல் நாளே பணம் போட்டுவிடுகிறார்.